நோயில்லாதவர்களின் அளவு

1. மதுரையில் நான் வேலை செய்யும் ஆய்வுக்கூடத்திலிருந்து பழுப்புநிறக் கண்ணாடி பாட்டில்களை இரண்டு மரப்பெட்டிகளில் அடுக்கி, ரயிலில் சங்கரன்கோவிலுக்குக் கொண்டு வந்தேன்.

2. சேர்க்கும் சிறுநீர் கெட்டுப்போகாமல் இருக்க, ஒவ்வொரு பாட்டிலிலும் அடியில் நிற்கும் அளவுக்கு நீர்த்த அமிலம் ஊற்றி மூடினேன்.

3. எங்கள் தெருவிலும் அடுத்த தெருவிலும் நோய்நொடி இல்லாத பெண்களுக்கு ஆளுக்கொன்று கொடுத்தேன். ஒரு நாள் காலையிலிருந்து மறுநாள் காலைவரை கழிக்கும் சிறுநீர் முழுவதையும் அதில் சேர்க்க வேண்டும் என்று சொன்னேன்.

4. ஒருவரும் மறுக்கவில்லை.

5. ஒரே ஒருவரைத் தவிர எல்லாரும், சேர்க்கத் தொடங்குமுன் பாட்டிலைச் சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுப் பளபளவென்று கழுவினார்கள்.

6. அமிலம் சாக்கடைக்குப் போனது.

7. மறுநாள் பாட்டில்கள் திரும்பி வந்தன. திறந்து லிட்மஸ் தாளைத் தொட்டுப் பார்த்தேன். சிவக்க வேண்டிய தாள் நீலமானது. அடுத்த பாட்டிலிலும் நீலம். அதற்கடுத்ததிலும்.

நடந்தது இவ்வளவுதான். ஆனால் அந்த நீலத் தாள்களால் எனக்கு எது போகவிருந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால், இது ஒரு தெருக் கதையாகிவிடும்.

எண்பதுகளின் தொடக்கம் அது. உயிர்வேதியியலில் முதுகலை முடித்துவிட்டு முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தேன். எடுத்துக்கொண்ட பொருள் ஆர்.என்.ஏ.யில் நடக்கும் திருத்தங்கள். உயிரணுவுக்குள் ஆர்.என்.ஏ. என்பது நான்கு எழுத்துகளால் ஆன இழை. இழை உருவான பிறகு உயிரணு அதன் சில எழுத்துகளைத் திருத்துகிறது. ஒன்றின்மேல் ஒரு சிறு மீத்தைல் தொகுதியை ஒட்டுகிறது. இன்னொன்றைக் கழற்றி, திருப்பி மாட்டுகிறது. இழை பழசாகி உடையும்போது, திருத்தப்படாத எழுத்துகளை உடல் மறுபடியும் பயன்படுத்திக்கொள்ளும். திருத்தப்பட்டவற்றைப் பயன்படுத்த அதற்கு வழியில்லை. அவை இரத்தம் வழியாகச் சிறுநீருக்கு வந்து வெளியேறிவிடும்.

புற்றுநோய்க் கட்டி இருக்கும் உடலில் இந்தக் கட்டுதலும் உடைத்தலும் வேகமாக நடக்கின்றன. ஆகவே சிறுநீரில் திருத்தப்பட்ட எழுத்துகள் கூடுகின்றன. சிகிச்சை பலித்தால் குறைய வேண்டும். வெளிநாட்டு ஆய்வுக்கூடங்கள் சில இதை அளந்து எழுதியிருந்தன. நாங்கள் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் பெண்களிடம் அளந்துகொண்டிருந்தோம்.

மருத்துவமனையின் பெண்கள் வார்டில் இளையரசனேந்தல் பக்கத்துக்காரர் ஒருவர் இருந்தார். மானாவாரி நிலம், மழை பெய்தால் கம்பு. பாட்டிலைக் கொடுக்கும்போது ஒருநாள் கேட்டார்: "ஏம்மா, ஒண்ணும் இல்லாதவுகளுக்கு இதுல எம்புட்டு இருக்கும்?"

என்னிடம் ஓர் எண் இருந்தது. அது கடல் கடந்து வந்த எண். சொல்ல வாய் திறந்தவள் நிறுத்திக்கொண்டேன். நாங்கள் அளவைத் தனியாகச் சொல்வதில்லை. சிறுநீரில் கிரியாட்டினின் என்றொரு பொருள் இருக்கிறது. அதோடு ஒப்பிட்டு, அதற்கு இது எத்தனை பங்கு என்று விகிதமாகச் சொல்வோம். சிறுநீர் நீர்த்திருந்தாலும் கெட்டியாக இருந்தாலும் விகிதம் மாறாது என்பதற்காக. ஆனால் கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. அந்த அம்மாவின் மணிக்கட்டு என் பேனாவை விடக் கொஞ்சம்தான் தடிமன். தசை குறைந்த உடலில் கிரியாட்டினின் குறையும். அது குறைந்தால் விகிதம் தானாக ஏறும். அப்படியானால் எங்கள் பக்கத்துப் பெண் ஒருத்தி, நோயே இல்லாமல், வெறுமனே ஒல்லியாக இருப்பதாலேயே வெளிநாட்டு எண்ணுக்குப் பக்கத்தில் வைத்தால் நோயாளி போலத் தெரிவாள்.

இதைப் பேராசிரியரிடம் போய்ச் சொன்னேன். என் வழிகாட்டி அவர். அதிகம் பேசாதவர். பேசினால் சுருக்கென்று இருக்கும்.

"நல்லா இருக்கிறவங்க சிறுநீர் எந்த ஊர்லயும் ஒண்ணுதானேம்மா?"

"கிரியாட்டினின் ஒண்ணா இருக்காது சார்."

மேசைமேல் இருந்த நாட்காட்டியைத் திருப்பினார். பிறகு சொன்னார்: "அளவிடுற மெஷின் நமக்கு ஒரு வாரந்தான் கிடைக்குது. அதுக்குள்ள உன் ஊர்ப் பொம்பளைங்க சிறுநீர் வந்தா அளக்கலாம். வரலைன்னா அச்சுல இருக்கிற எண்ணையே போட்டுக்குவோம். உன் ஆய்வேட்டுல அந்த அத்தியாயம் இருக்காது. சம்மதமா?"

சம்மதம் என்றேன். அந்த இயந்திரம் வேறொரு நிறுவனத்துக்குச் சொந்தம். அது கைமாறிப் போனால் மறுபடி எப்போது கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது.

ஆடித்தபசுக் கூட்டம் கலைந்து, தேரடிப் பக்கம் வளையல் கடைப் பந்தல்களைப் பிரித்துக்கொண்டிருந்த வாரம் ஊருக்குப் போனேன். திருவிழாவின்போது பாதிப் பேர் விரதம் இருப்பார்கள், அது கணக்கைக் குழப்பும் என்பதால் காத்திருந்து போனேன். எங்கள் தெருவிலும் அடுத்த தெருவிலும் இருந்து விசைத்தறிப் பட்டறைக்குப் போய்த் தார் சுற்றும், அதாவது குறுக்கு நூலைக் கட்டையில் சுற்றும், பெண்களைத்தான் முதலில் நினைத்திருந்தேன். என் ஒன்றுவிட்ட அண்ணனின் மனைவி, எனக்கு மதினி, அங்கே வேலை பார்த்தார். பட்டறையில் அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது.

மத்தியானம் கரண்ட் போனதும் தறிகள் நின்றன. அந்தத் திடீர் அமைதியில் பெண்கள் எல்லாரும் சுவரோரம் உட்கார்ந்து சோற்றுச் சட்டியைத் திறந்தார்கள். மதினி என்னைக் காட்டினார்.

"நம்ம வீட்டுப் புள்ள. மதுரையில பெரிய படிப்பு படிக்கா. ஒங்க மூத்திரம் வேணுமாம்."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

"எதுக்குட்டி மக்கா? எருவுக்கா?"

"அவ தோட்டத்துக்குப் பத்தாதாம்ல!"

நான் தார்க்கூடையைக் காட்டிப் பேசினேன். வெள்ளை நூல் அறுந்தால் முடிச்சுப் போட்டுத் திரும்பச் சுற்றலாம். சாயம் ஏறிய நூலை வெள்ளைப் பாவில் போட முடியுமா? முடியாது, கழிவுக் கூடைக்குத்தான் போகும். நம் உடம்புக்குள்ளும் அப்படி ஒரு நூல் இருக்கிறது. அதில் சாயம் ஏறிய துண்டுகள் சிறுநீரில் வருகின்றன. அந்த நோய் வந்தவர்களுக்கு உள்ளே தறி தாறுமாறாக ஓடுவதால் கழிவு கூடுகிறது. ஒழுங்காக ஓடும் தறியில் எவ்வளவு கழிவு வரும் என்று தெரிந்தால்தான், மற்றதைக் கூட என்று சொல்ல முடியும்.

"அப்பம் நாங்க ஒழுங்கா ஓடுத தறி?" என்று மதினி கேட்டார்.

"ஆமா மதினி."

"கேட்டுக்கிட்டீகளா? இவ சொல்லுதா, நாம ஒழுங்காம்!" என்று சுற்றிலும் பார்த்தார். அதற்குப் பிறகு யாரும் எருவைப் பற்றிப் பேசவில்லை. புற்றுநோய் என்ற சொல்லை நான் ஒருமுறையும் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை. எல்லாருக்கும் புரிந்திருந்தது.

வயது, எடை, என்ன சாப்பிட்டார்கள், ஏதாவது மருந்து உண்டா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக் குறித்துக்கொண்டேன். மருந்தா, ஒன்றுமில்லை என்றார்கள். பிறகு ஒருத்தி, "கோயில் புத்துமண்ணு ஒரு சிட்டிகை வாயில போட்டேன். அதுவும் எழுதணுமா?" என்றாள். எழுதினேன். அப்புறம் பார்த்தால் முக்கால்வாசிப் பேர் போட்டிருந்தார்கள். அதற்கென்று தனியாக ஒரு கட்டம் வரைந்தேன். எந்த வெளிநாட்டுப் படிவத்திலும் அந்தக் கட்டம் இருந்திருக்காது.

பாட்டிலுக்குள் கொஞ்சம் மருந்து இருக்கிறது, கையில் படக்கூடாது, கீழே கொட்டக்கூடாது என்று ஒவ்வொருவருக்கும் சொன்னேன். அடுத்த தெருவுக்கு அம்மாவும் கூட வந்தாள். அவளும் சொன்னாள். சொல்லிவிட்டு, எனக்குத் தெரியாமல் இன்னொன்றையும் சொல்லியிருக்கிறாள்.

மறுநாள் காலையில் எங்கள் வீட்டுக் கொல்லையில் பாட்டில்கள் வரிசையாக வந்து சேர்ந்தன. சிலர் முந்தானைக்குள் மறைத்துக் கொண்டு வந்தார்கள். மதினி கல்யாண வீட்டுப் பாயசத்தைத் தூக்கி வருவது போல நடுத்தெருவில் நடந்து வந்தார். ஒருத்தி குரலைத் தாழ்த்தி, "கொஞ்சந்தான் இருக்கு மக்கா, கொறையா நெனைக்காத," என்றாள். அளவு குறைந்தால் பரவாயில்லை என்று சொல்லி வாங்கி வைத்தேன். அப்போதே மூக்கில் ஏதோ உறுத்தியது. அமிலம் இருந்தால் அந்த நவச்சார நெடி, அமோனியா வாடை, வரக்கூடாது.

லிட்மஸ் தாளை எடுத்தேன். நடந்ததை மேலே எழுதிவிட்டேன்.

அம்மா அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்தாள். "என்னட்டி, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?"

"பாட்டில்ல இருந்த மருந்தக் காணும்மா."

"அதா? கழுவும்போது போயிருக்கும்."

"யாரு கழுவச் சொன்னா?"

"யாரு சொல்லணும்? நாந்தான் சொன்னேன்." அம்மாவுக்குக் குரல் ஏறியது. "எவனெவன் கை பட்ட பாட்டிலோ. ஆஸ்பத்திரிச் சாமான். ஒரு வீட்டுல இருந்து இன்னொரு வீட்டுக்குச் சாமான் போனா வெளக்கித்தான குடுக்கணும்? அழுக்குப் பாட்டில மதுரையில போயித் தொறந்தா எவள ஏசுவாக? என் மகளத்தான ஏசுவாக?"

"மருந்தக் கொட்டக்கூடாதுன்னு நீங்களும்தான சொன்னீங்க?"

"தரையில கொட்டலியே. எல்லாரும் சாக்கடையில பாத்துத்தான் ஊத்துனோம்."

மதினியும் வந்து சேர்ந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு மூக்கு விடைத்தது. "கழுவாமக் குடுக்கதுக்கு நாங்க என்ன பின்வீட்டுக்காரியா?"

பின்வீட்டு அக்காவை எங்கள் தெருவில் சோம்பேறி என்பார்கள். முற்றம் பெருக்குவதற்குள் பத்து மணியாகும். அவர் பாட்டிலில் தாளைத் தொட்டேன். ரத்தச் சிவப்பு.

"அக்கா, நீங்க கழுவலையா?" என்று வேலிக்கு மேலாகக் கேட்டேன்.

"அலுப்பா இருந்துச்சு மக்கா," என்றார் அவர். "வேணும்னா இப்பம் குடு, கழுவித் தாரேன்."

மதினி சிரித்ததில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. நான் சிரிக்கவில்லை. இயந்திரம் எங்களுக்குக் கிடைக்கும் வாரம் நெருங்கிவிட்டது. புதிதாக எல்லாரிடமும் ஒரு முழு நாள் சேர்த்து வாங்க அவகாசம் இல்லை. பட்டறையில் திருவிழாவால் தேங்கிய வேலையை முடிக்க நீள ஷிப்ட் தொடங்கியிருந்தது. ஒரே ஒரு சிவப்பை வைத்துக்கொண்டு ஊரின் அளவு என்று சொல்ல முடியாது.

கிணற்றடியில் உட்கார்ந்து யோசித்தேன். பயத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு வேதியியலை எடுத்துக்கொண்டேன். அமிலம் இல்லாவிட்டால் சிறுநீரில் என்ன நடக்கிறது? பாக்டீரியா பெருகுகிறது, யூரியா உடைந்து அமோனியா வருகிறது, நீர் காரமாகிறது. சரி. அதனால் நான் தேடும் பொருளுக்கு என்ன நடக்கும்?

நான் முக்கியமாகத் தேடியது சூடோயூரிடின். திருத்தப்பட்ட எழுத்துகளில் அதுதான் மிக அதிகம். கழற்றித் திருப்பி மாட்டப்படும் எழுத்து என்று சொன்னேனே, அது இதுதான். சாதாரண எழுத்தில் சர்க்கரைப் பகுதி நைட்ரஜனோடு ஒட்டியிருக்கும். அந்த ஒட்டு எளிதாக அறுபடும். இதில் சர்க்கரை கார்பனோடு ஒட்டியிருக்கிறது. கார்பனும் கார்பனும் சேர்ந்த பிணைப்பு. அமோனியாவுக்கு அதை அசைக்க முடியாது. உடலே அதை உடைக்க முடியாமல்தானே வெளியே தள்ளுகிறது! சில பாக்டீரியாக்களுக்கு அந்த வித்தை தெரியும் என்றும் படித்திருந்தேன். அவை இந்த பாட்டில்களில் இருந்தனவா, ஒரு நாளில் எவ்வளவு தின்றிருக்கும் என்பது தெரியாது. தெரியாததை அளந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அளப்பதற்கு ஒரு வழி அங்கேயே தோன்றியது. அந்த நிமிடத்தை நினைத்தால் இன்றும் எனக்கு முதுகு நிமிரும். பெட்டியில் சிறிய பாட்டில்களும் கொஞ்சம் அமிலமும் மிச்சம் இருந்தன. மனம் ஒப்பும் சில பெண்களிடம் காலை நேரத்துச் சிறுநீரை ஒரே ஒரு தடவை வாங்க வேண்டும். அதை இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஒரு பாதி அமிலத்தோடு. மறுபாதி அமிலம் இல்லாமல், அவர்கள் கையால் கழுவிய பாட்டிலில். இரண்டும் அவரவர் வீட்டில் அதே இடத்தில், அதே வெக்கையில், ஒரு நாள் நிற்க வேண்டும். இரண்டு பாதியும் ஒரே அளவு காட்டினால், கழுவிய பாட்டில்கள் எல்லாம் பிழைத்தன. வேறுபட்டால் எல்லாம் போயிற்று. சந்தேகத்துக்கு இடமே இல்லாத கேள்வி.

ஆனால் அதைக் கேட்க மறுபடியும் பட்டறைக்குப் போக வேண்டும். செய்தி எனக்கு முன்பே போயிருந்தது. பெண்கள் முகம் இறுகியிருந்தது. நான் அவர்கள் வீட்டுச் சுத்தத்தைக் குறை சொன்னதாக ஆகிவிட்டது.

"இன்னொரு மட்டமா?" என்றாள் ஒருத்தி. "கழுவுனா தப்பு. கழுவாட்டாத் தப்பு. என்னதான் செய்யச் சொல்லுத?"

"ரெண்டையும் செய்யச் சொல்லுதேன் அக்கா. ஆளுக்கு ரெண்டு பாட்டில். பச்சை நூல் கட்டினதைத் தொடவே தொடாதீங்க. வெள்ளை நூல் கட்டினதை அன்னைக்கு எப்படிக் கழுவினீங்களோ அப்படியே கழுவுங்க. கொஞ்சமும் குறைக்கக் கூடாது. சாம்பல்னா சாம்பல், நாருன்னா நாரு."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்பம் நாங்க கழுவுனது வேணுமா ஒனக்கு?"

"அதுதான் வேணும். என்னால அப்படிக் கழுவ முடியாது."

"அது முடியாதுதான்," என்றார் மதினி, என் கைகளை ஏற இறங்கப் பார்த்து. "ஒங்க அம்மா ஒன்னய ஒரு கரண்டி வெளக்க விட்டிருக்காளா? குடுட்டி இங்கன."

கேட்டதற்கு மேலேயே முன்வந்தார்கள். ஒருத்தி வெள்ளை நூல் பாட்டிலைப் புளி போட்டும் விளக்க வந்தாள். அன்றைக்கு என்ன போட்டீர்களோ அது மட்டும் என்று தடுத்தேன். வீடு வீடாகப் போய் நானே நின்று பிரித்து ஊற்றினேன். மறுநாள் எல்லாவற்றையும் வாங்கி, ஐஸ் கம்பெனியில் கட்டி வாங்கி உமியும் சாக்கும் சுற்றி, மரப்பெட்டிகளை அடைத்து ரயிலேறினேன். பெட்டியில் என்ன என்று எதிரே இருந்தவர் கேட்டார். மாதிரிகள் என்றேன். மாம்பழமா என்றார். இல்லை என்றேன்.

பேராசிரியர் லிட்மஸ் தாள்களைப் பார்த்தார். "எல்லாம் நீலமா? கொட்டிடும்மா."

"ஜோடியா வச்சதை முதல்ல ஓட்டிப் பார்ப்போம் சார். ஒத்து வரலைன்னா நானே கொட்டிடுறேன்."

"ஜோடியா?"

கரும்பலகையில் சர்க்கரையை வரைந்து, கார்பன் பிணைப்பை வரைந்து, கீழே இரண்டு பாட்டில்களை வரைந்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து கேட்டு நான் பார்த்தது அதுவே முதல் தடவை.

"இதை ஊர்லயே யோசிச்சியா?"

"கிணத்தடியில சார்."

"பாக்டீரியா தின்னிருந்தா?"

"தின்னிருந்தா தெரிஞ்சுரும் சார். அதுக்குத்தான் ஜோடி."

அந்த இயந்திரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மெல்லிய எஃகுக் குழாய்க்குள் திரவத்தை அதிக அழுத்தத்தில் செலுத்தும். கலந்திருக்கும் பொருள்கள் குழாயைக் கடக்க ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரம் எடுத்துக்கொள்ளும். ஒன்று வெளியே வரும்போதெல்லாம், நகரும் தாளில் ஒரு பேனா மேலேறி இறங்கி ஒரு மலை வரையும். மலையின் அளவே பொருளின் அளவு. முதலில் மதினியின் பச்சை நூல் பாதியைச் செலுத்தினேன். சூடோயூரிடின் வரவேண்டிய நேரத்தில் பேனா ஏறியது, இறங்கியது. பிறகு வெள்ளை நூல் பாதி. காத்திருந்தேன். பேனா ஏறத் தொடங்கியது. ஏறிக்கொண்டே போனது. முதல் மலையின் உயரத்துக்கு வந்து நின்று இறங்கியது.

இரண்டு தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். ஒரே மலை.

ஒரு ஜோடி போதாது. எல்லா ஜோடிகளையும் ஓட்டினோம். சூடோயூரிடின் ஒத்து வந்தது; கிரியாட்டினினும் ஒத்து வந்தது. எல்லாமே தப்பித்தது என்று சொல்ல மாட்டேன். மீத்தைல் ஒட்டிய ஓர் எழுத்து, கழுவிய பாட்டில்களில் சுருங்கியிருந்தது. அதன் பக்கத்தில், முன்பு இல்லாத இடத்தில், புதிதாக ஒரு சிறு மலை முளைத்திருந்தது. காரத்தில் அந்த மீத்தைல் இடம் மாறி உட்கார்ந்துவிடும் என்பது வேதியியலுக்குத் தெரிந்த விஷயம். அந்த எழுத்தைப் பற்றி என் பாட்டில்கள் எதுவும் சொல்ல முடியாது என்று எழுதி, அதை ஆய்விலிருந்து எடுத்துவிட்டேன். சூடோயூரிடினை வைத்துக்கொண்டேன்.

பிறகு ஊர்ப் பெண்கள் அத்தனை பேருடைய பாட்டில்களும் ஓடின. விகிதத்தைப் போட்டுப் பார்த்தபோது நான் சந்தேகப்பட்டது சரியாக இருந்தது. எங்கள் பெண்களின் அளவு வெளிநாட்டு எண்ணுக்கு மேலே இருந்தது. அந்த எண்ணை வைத்திருந்தால், மதினியைப் போல அன்றாடம் நின்றுகொண்டே தார் சுற்றும் நோயில்லாத பெண்ணின் மேலேயே ஒரு கேள்விக்குறி விழுந்திருக்கும். மறுபுறம், சிகிச்சையில் நன்றாகத் தேறிவந்த வார்டுப் பெண்கள் சிலர், இன்னும் தேறவில்லை என்றே தெரிந்திருப்பார்கள். எங்கள் எண்ணோடு வைத்தபோது அவர்கள் நோயில்லாதவர்களின் வரம்புக்குள் வந்துவிட்டார்கள்.

இரண்டு எண்களையும் வைத்து நான் வரைந்த படத்தைப் பேராசிரியர் வாங்கிப் பார்த்தார். "அத்தியாயம் இருக்கும்மா," என்றார். அதற்குப் பிறகு வார்டிலும் அவர் வெளிநாட்டு எண்ணைச் சொல்லி நான் கேட்டதில்லை.

முடிவைச் சொல்ல ஊருக்குப் போனேன். வாங்கியவள் சொல்லித்தானே ஆகவேண்டும். கரண்ட் இருந்ததால் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. மதினியின் காதுக்குள் கத்த வேண்டியிருந்தது.

"எல்லாருக்கும் ஒண்ணுமில்லியே?" என்று திரும்பக் கத்தினார்.

"ஒண்ணுமில்ல மதினி! எல்லாம் நல்லா இருக்கு! இனி மதுரையில வந்து பாக்குறவங்களை உங்களோட வச்சுத்தான் சரியா இருக்கான்னு பாக்கப் போறோம்!"

மதினி தார்க்கட்டையைக் கீழே வைத்தார். அதை அடுத்தவளிடம் கத்தினார். அவள் அடுத்தவளிடம். வரிசை முழுவதும் போய்ச் சேர்ந்தபோது ஒருத்தி கடைசியிலிருந்து கேட்டாள்: "பின்வீட்டுக்காரியோடயுமா வச்சுப் பாப்பாக?"

"அவளுதுதான் மொத நம்பராம்ல! கழுவாமலே பாஸாயிட்டா!" என்று மதினி கத்தினார்.

வீட்டுக்கு வந்தால், அம்மா வாசுதேவநல்லூரிலிருந்து வந்திருந்த சித்தியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "கழுவச் சொன்னதே எம்மகதான். ஒண்ணு கழுவணும், ஒண்ணு கழுவக்கூடாது. அப்பத்தான் கண்டுபிடிக்க முடியுமாம். படிச்சவளுக்குத்தான தெரியும்." நான் திருத்தவில்லை. கடைசியில் அதுவும் உண்மையாகத்தான் ஆகியிருந்தது.

எண்பதுகள் இன்னும் முடியவில்லை; இன்றைய நிலை இது. ஆய்வேடு ஏற்கப்பட்டுவிட்டது. சங்கரன்கோவில் பெண்களிடம் எடுத்த வரம்பைத்தான் எங்கள் வார்டில் பயன்படுத்துகிறோம். சிகிச்சைக்கு முன்னும் நடுவிலும் பின்னும் நோயாளிகளின் சூடோயூரிடினை அளக்கிறோம். கட்டி கரையும்போது பலருக்கு அது இறங்குகிறது. சிலருக்கு இறங்குவதில்லை, காரணம் தெரியவில்லை. சிகிச்சை தொடங்கியதும் முதலில் கொஞ்சம் ஏறிவிட்டுப் பிறகு இறங்குவதும் உண்டு. நோயைத் தொடக்கத்திலேயே கண்டுபிடிக்க இது உதவாது. இந்த எண்ணை மட்டும் பார்த்து எந்த மருத்துவரும் சிகிச்சையை மாற்றுவதில்லை, மாற்றவும் கூடாது. மீத்தைல் ஒட்டிய எழுத்துகளை அளக்க, அமிலத்தை மட்டும் நம்பாமல் பாட்டில்களைத் தொடக்கம் முதலே குளிரில் வைத்திருக்க வேண்டும். அதற்கு எங்களிடம் இன்னும் வசதியில்லை. நோயில்லாத ஆண்களின் அளவும் எங்களிடம் இன்னும் இல்லை.